சின்ன மீன்பிடிப் படகில் விளக்கும் கருவியும்: கரன்ட் எங்கிருந்து எடுப்பது?

தண்ணீருக்கடியில் மீன் இருக்கும் இடத்தைத் திரையில் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் வாங்கியாயிற்று. அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு, பச்சை, சிவப்பு விளக்கும் தண்ணீர் இறைக்க ஒரு பம்பும் வந்துவிட்டன. எல்லாம் பெட்டியோடு படகின் பலகைமேல் கிடக்கின்றன. இப்போதுதான் கேள்வி வருகிறது: இதையெல்லாம் எதில் இணைப்பது? மோட்டாரை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியிலேயே மாட்டிவிடலாமா? தனி பேட்டரி வேண்டுமா? இரண்டு பேட்டரிக்கும் நடுவே ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் போட வேண்டும் என்கிறார்களே, அது எதற்கு? ஒயரே இழுக்காமல், வீட்டில் சார்ஜ் போட்டு எடுத்துப்போகும் சாமான்களோடு நிறுத்திக்கொண்டால் என்ன?

இதைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் கருவியைப் பற்றி நிறைய விசாரித்து வைத்திருப்பார்கள். திரை எத்தனை இன்ச், எந்த அலைவரிசை என்பதுவரை தெரியும். பேட்டரியைப் பற்றி யோசித்தவர்கள் குறைவு. ஒயரைப் பற்றி யோசித்தவர்கள் அதைவிடக் குறைவு. கடலில் காலை வாருவது இந்த இரண்டும்தான். அதனால் கருவிகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அவற்றுக்குக் கரன்ட் கொடுக்கும் நான்கு வழிகளைப் பார்ப்போம். நான் மனதில் வைத்திருப்பது 4 முதல் 7 மீட்டர் நீளமுள்ள, பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டார் பூட்டிய, 12 வோல்டில் ஓடும் திறந்த படகு.

## எதை வைத்து எடைபோடுவது

எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது ஒன்று: திரும்பி வரும் நேரத்தில் மோட்டார் ஸ்டார்ட் ஆக வேண்டும். ஃபிஷ் ஃபைண்டர் அணைந்தால் அன்றைக்கு மீன் குறையும், அவ்வளவுதான். அலை உடையும் இடத்துக்குப் படகு ஒதுங்கிக்கொண்டிருக்கும்போது சாவியைத் திருப்பி, 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தால் அது உயிர்ப் பிரச்சினை. இந்த ஒன்றில் தேறாத வழி எவ்வளவு மலிவாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

இரண்டாவது, ஒரு பயணத்துக்குத் தேவையான கரன்ட் கையிருப்பில் இருக்கிறதா என்ற கணக்கு. மூன்றாவது உப்பு. ஒயரும் ஒயரும் சேரும் ஒவ்வொரு இடமும் ஒருநாள் பச்சை பூக்கப்போகும் இடம். ஆகவே இணைப்புகள் எத்தனை குறைவோ அத்தனை நல்லது. நான்காவது, நடுக்கடலில், இருட்டில், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒரே ஆள் பழுதைக் கண்டுபிடிக்க முடியுமா என்பது. அப்புறம் எடையும் இடமும். பணம் கடைசியில் வரும். அதையும் வாங்கும் விலையாகப் பார்க்காமல், ஐந்தாறு வருடத்தில் மொத்தம் எவ்வளவு போகிறது என்று பார்க்க வேண்டும்.

## முதலில் ஒரு கணக்கு

எட்டு மணி நேர இரவுப் பயணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எண்கள் தோராயமானவை, உங்கள் கருவியின் பின்புறத்தில் இருக்கும் எண்ணை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள். வாட் மட்டும் போட்டிருந்தால் 12-ஆல் வகுத்தால் ஆம்பியர் வந்துவிடும். அதை ஓடும் மணி நேரத்தால் பெருக்கினால் ஆம்பியர்-மணி, அதாவது பேட்டரியிலிருந்து போகும் மொத்த அளவு.

| சாமான் | ஆம்பியர் | ஓடும் நேரம் | ஆம்பியர்-மணி |
|---|---|---|---|
| எல்.இ.டி. வழி விளக்குகள் (பச்சை, சிவப்பு, வெள்ளை எல்லாம் சேர்த்து) | 0.5 | 8 மணி | 4 |
| ஃபிஷ் ஃபைண்டர், ஜி.பி.எஸ். உடன் | 0.8 | 8 மணி | 6.4 |
| வி.எச்.எஃப். ரேடியோ, கேட்கும் நிலையில் | 0.4 | 8 மணி | 3.2 |
| வி.எச்.எஃப்., பேசும்போது | 5 | 10 நிமிடம் | 0.8 |
| 20 வாட் எல்.இ.டி. மேல்தள விளக்கு | 1.7 | 3 மணி | 5 |
| தண்ணீர் பம்பு | 3 | 20 நிமிடம் | 1 |
| போன் சார்ஜர் | 1 | 3 மணி | 3 |

கூட்டினால் 23 ஆம்பியர்-மணியைக் கொஞ்சம் தாண்டுகிறது. வழி விளக்குகளுக்குப் பழைய 10 வாட் குண்டு பல்பு மூன்று போட்டிருந்தால் அவை மட்டுமே 20 ஆம்பியர்-மணி குடித்திருக்கும். எல்.இ.டி.க்கு மாறுவது பேட்டரியைப் பெரிதாக்குவதைவிட எப்போதும் மலிவு.

சரி, 23 வேண்டும் என்றால் 25 ஆம்பியர்-மணி பேட்டரி போதுமா? ஈய அமில பேட்டரியானால் போதாது. அதைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் வேகமாகப் போய்விடும். ஆகவே 23-க்கு 46. வருடம் ஆக ஆகக் கொள்ளளவு குறையும் என்பதையும் சேர்த்தால் 60 ஆம்பியர்-மணி நியாயமான அளவு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் 80 சதவீதம்வரை தாராளமாக எடுக்கலாம், அதனால் 30-லேயே வேலை முடியும்.

'மோட்டார் ஓடும்போது சார்ஜ் ஏறிவிடுமே' என்ற நம்பிக்கைதான் இந்தக் கணக்கை அதிகமாகக் கெடுக்கிறது. கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் சின்ன மோட்டார்களில் பலவற்றில் சார்ஜ் வசதியே கிடையாது. சிலவற்றில் விளக்குச் சுருள் இருக்கும். அது தருவது ஏ.சி. அதை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபயர் நடுவே இல்லாமல் பேட்டரியோடு இணைக்க முடியாது. சார்ஜ் வசதி உள்ள மோட்டாரிலும் '6 ஆம்பியர்' என்று எழுதியிருப்பது வேகமாக ஓடும்போது கிடைப்பது. தூண்டில் இழுத்துக்கொண்டு மெதுவாகப் போகும்போது அதில் ஒரு பகுதிதான் வரும். 6 ஆம்பியரே முழுதாக வந்தாலும், இரவில் எடுத்த 23-ஐ, சார்ஜ் இழப்பையும் சேர்த்து, திருப்பிக் கொடுக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் வேகமாக ஓட வேண்டும். மீன்பிடி இடம் அரை மணி தூரத்தில் இருப்பவருக்கு அது ஒருநாளும் நடக்காது. பேட்டரி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகும். கடைசி நாள்வரை வெளியே ஒன்றும் தெரியாது.

## வழி 1: ஒயரே வேண்டாம், அதனதன் பேட்டரி

கிளிப் போட்டு மாட்டும் விளக்கு, கையில் பிடிக்கும் வி.எச்.எஃப்., சின்ன பேட்டரிப் பையோடு வரும் ஃபிஷ் ஃபைண்டர், தண்ணீருக்குக் கைப்பம்பும் வாளியும். படகில் ஒரு துளைகூடப் போட வேண்டாம். ஒன்று கெட்டால் மற்றது கெடாது. மோட்டாரின் பேட்டரியை எதுவும் தொடுவதில்லை, ஆகவே முதல் அளவுகோலில் முழு மதிப்பெண்.

செலவு மெதுவாகத் தெரியவரும். நான்கு கருவிக்கு நான்கு சார்ஜர்; அதில் ஒன்றைச் சார்ஜ் போட மறந்த நாளில் அதுதான் தேவைப்படும். உள்ளே இருக்கும் செல் இரண்டு மூன்று வருடத்தில் தளரும், பல கருவிகளில் செல்லை மட்டும் மாற்ற முடியாது. சார்ஜ் துளையின் ரப்பர் மூடியை ஒருநாள் சரியாக அழுத்தாவிட்டால் உப்புநீர் உள்ளே போய்விடும்.

விளக்கில் இன்னொரு விஷயம் உண்டு. 1972-ஆம் வருடத்துக் கடல் மோதல் தவிர்ப்பு விதிகளின்படி, 12 மீட்டருக்குக் குறைந்த படகின் வெள்ளை விளக்கு 2 கடல் மைல் தூரத்துக்கும், பச்சை, சிவப்புப் பக்க விளக்குகள் 1 கடல் மைல் தூரத்துக்கும் தெரிய வேண்டும். 7 மீட்டருக்குக் குறைந்து, 7 நாட் (மணிக்கு 7 கடல் மைல்) வேகத்துக்கு மேல் போக முடியாத படகுக்குச் சுற்றிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கு போதும். முடிந்தால் பக்க விளக்கும் வைக்க வேண்டும். கிளிப் விளக்குகளில் நல்லவை இந்தத் தூரத்தை எட்டும், மலிவானவை எட்டாது. பேட்டரி இறங்க இறங்க வெளிச்சம் மங்குவதும் படகில் இருப்பவர் கண்ணுக்குப் படாது, எதிரே வரும் கப்பலுக்குத்தான் படும். உங்கள் கரையின் உள்ளூர் விதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பகலில் போய்ப் பகலிலேயே திரும்புபவருக்கு, வாடகைப் படகில் போகிறவருக்கு, ஒவ்வொரு முறையும் படகைக் கரைக்கு இழுத்து எல்லாவற்றையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியவருக்கு இதுவே சிறந்த வழி. மற்ற மூன்று வழிகளில் எதை எடுத்தாலும் ஒரு கை வி.எச்.எஃப்.பும் ஒரு டார்ச்சும் இந்த வழியில் தனியாக இருக்கட்டும்.

## வழி 2: மோட்டார் பேட்டரியிலிருந்தே எல்லாம்

பெரும்பாலோர் செய்வது இதுதான். பேட்டரி ஏற்கெனவே இருக்கிறது, இரண்டு ஒயரை மாட்டினால் விளக்கு எரிகிறது. அப்புறம் பம்பு, அப்புறம் ஃபிஷ் ஃபைண்டர், அப்புறம் போன் சார்ஜர் என்று ஒவ்வொன்றாகச் சேரும். இரண்டு வருடம் கழித்து அந்த பேட்டரியின் மூடியைத் திறந்து பாருங்கள். பிளஸ் போல்ட்டில் ஏழு லக் (ஒயர் முனையில் பொருத்தும் உலோக வளையம்) ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும். மேலே இறக்கைத் திருகு, விரலால் தொட்டாலே சுழலும். நடுவில் இரண்டு லக்கின் கழுத்தில் நீலப்பச்சைப் பொடி. எது எதற்குப் போகிறது என்று மாட்டியவருக்கே நினைவிருக்காது. ஒரு போல்ட்டில் நான்கு லக்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது படகு ஒயரிங்கில் நிலைபெற்ற வழக்கம், இறக்கைத் திருகையும் கனமான கேபிளுக்குப் போடுவதில்லை. மோட்டார் ஓடும்போது அந்த இணைப்பு ஒரு நொடி விட்டுப்போனால் சார்ஜ் ரெகுலேட்டர் எரிந்துபோகலாம். அந்த ஒரு பாகத்தின் விலைக்கு ஒரு நல்ல ஃபியூஸ் பெட்டியே வாங்கியிருக்கலாம்.

முதல் அளவுகோலில் இந்த வழி தடுமாறுகிறது. ஸ்டார்ட் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை. சில நொடிகளுக்கு நூறு ஆம்பியருக்கு மேல் கொடுத்துவிட்டு உடனே நிரம்பிக்கொள்ளச் செய்யப்பட்டவை. அதை இரவு முழுக்க விளக்குக்கு வடித்தால் சீக்கிரம் தளர்ந்துவிடும். இதன் முதல் அறிகுறி திரையில் தெரியும்: சாவியைத் திருப்பியதும் ஃபிஷ் ஃபைண்டர் அணைந்து மறுபடி எழும். ஸ்டார்ட்டர் இழுக்கும்போது மின்னழுத்தம் 10 வோல்ட்டை ஒட்டி விழுகிறது, கருவி அதைத் தாங்கவில்லை. பலர் இதைக் கருவியின் கோளாறு என்று நினைத்துப் பழுதுக்குக் கொடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது பேட்டரியையும் லக்குகளையும்.

இருந்தாலும் இந்த வழியை நான் ஒரேயடியாகத் தள்ளமாட்டேன். சுமை சின்னதாக இருந்தால், அதாவது வழி விளக்கு, பம்பு, சின்னத் திரை என்று மூன்றோடு நின்று, ஒரு பயணத்தில் 8 அல்லது 10 ஆம்பியர்-மணிக்குள் முடிந்தால், ஒரே பேட்டரி போதும். நான் மூன்று நிபந்தனை வைப்பேன். ஒன்று, பேட்டரியிலிருந்து ஒரே ஒரு கனமான ஜோடி ஒயர் ஃபியூஸ் பெட்டிக்குப் போக வேண்டும், மற்றவை பெட்டியிலிருந்து பிரிய வேண்டும். இரண்டு, மின்னழுத்தம் குறைந்தால் கருவிகளைத் தானாகத் துண்டிக்கும் சின்னச் சாதனம் ஒன்று நடுவில் இருக்க வேண்டும். மூன்று, மோட்டார் கயிறு இழுத்து ஸ்டார்ட் ஆகுமா என்று கரையிலேயே ஒருமுறை இழுத்துப் பார்த்திருக்க வேண்டும். பெரிய மோட்டார்களைக் கையால் இழுக்கவே முடியாது. எரிபொருளைப் பீய்ச்சும் வகை மோட்டார்களில் சில, பேட்டரி முழுவதும் இறந்துவிட்டால் கயிற்றுக்கும் மசியாது. அப்படிப்பட்ட மோட்டார் வைத்திருப்பவருக்கு இந்த வழி வேண்டாம்.

## வழி 3: கருவிகளுக்குத் தனி பேட்டரி, மோட்டாரோடு தொடர்பே இல்லை

ஒரு மூடிய பெட்டி. அதற்குள் பேட்டரியும் முதன்மை ஃபியூஸும். பெட்டியிலிருந்து ஒரு கனமான பிளக் வழியாகப் படகின் ஃபியூஸ் பெட்டிக்கு இணைப்பு. கரைக்கு வந்ததும் பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டில் சார்ஜ் போடுவது. மோட்டார் பேட்டரி மோட்டாருக்கு மட்டும்.

சின்னப் படகில் பெரும்பாலோருக்கு நான் சொல்வது இதையே. இரவெல்லாம் விளக்கு எரிந்து இந்தப் பெட்டி செத்தே போனாலும் சாவியைத் திருப்பினால் மோட்டார் எழும். ஸ்டார்ட் செய்யும்போது திரை அணையாது. எங்கே பழுது என்று தேடும் பரப்பு பாதியாகக் குறையும். கயிறு இழுக்கும் மோட்டாரில், படகில் வேறு பேட்டரியே இல்லாதவருக்கும் இது அப்படியே பொருந்தும்.

தொல்லை தூக்குவதில் இருக்கிறது. 60 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியை ஈர மணலில், அலையில் ஆடும் படகிலிருந்து தினமும் இறக்குவது முதுகுக்கு நல்லதல்ல. 'இன்றைக்குப் படகிலேயே கிடக்கட்டும்' என்று தோன்றும் நாள் கட்டாயம் வரும். அரைகுறை சார்ஜில் நாள்கணக்கில் கிடக்கும் ஈய பேட்டரியின் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய அளவு வராது. இந்த வழியின் மறைந்த செலவு அதுதான். நல்ல தானியங்கி சார்ஜர், நீர் புகாத பிளக் ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தூக்குவதைத் தவிர்க்கச் சூரியத் தகடு வைக்கலாமா? 50 வாட் தகடு நல்ல வெயிலில் நான்கு மணி நேர முழு வெளிச்சத்துக்குச் சமமாக வேலை செய்தால் 200 வாட்-மணி. இழப்பெல்லாம் போக 12 முதல் 15 ஆம்பியர்-மணி பேட்டரிக்குப் போய்ச் சேரும். மேலே உள்ள 23-க்கு அது போதாது. 100 வாட் வேண்டும். திறந்த படகில் அந்த அளவுத் தகட்டில் வலை மாட்டும், தூண்டில் முள் கீறும், உப்புப் படலம் வெளிச்சத்தைத் தின்னும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மட்டும் போகிறவர், கட்டிப்போட்ட படகின்மேல் தகட்டை விரித்துவைத்து நடுவில் இருக்கும் நாட்களில் நிரப்பிக்கொள்ளலாம். அவருக்கு இது அருமையாகப் பொருந்தும். தினமும் போகிறவருக்குப் பொருந்தாது.

## வழி 4: இரண்டு பேட்டரி, நடுவில் தானியங்கி ரிலே

மோட்டார் ஓடும்போது ஸ்டார்ட் பேட்டரி முதலில் நிரம்பும். அதன் மின்னழுத்தம் 13.3 வோல்ட்டை ஒட்டி ஏறியதும் ரிலே மூடி, அதாவது இரண்டையும் இணைத்து, சார்ஜ் இரண்டாவது பேட்டரிக்கும் போகும். மோட்டார் நின்று 12.8-ஐ ஒட்டி இறங்கியதும் ரிலே திறந்து இரண்டையும் பிரித்துவிடும். தூக்க வேண்டாம், சார்ஜ் போட வேண்டாம். தேவைப்பட்டால் அவசர சுவிட்ச் ஒன்றால் இரண்டையும் சேர்த்து ஸ்டார்ட் செய்யலாம்.

இது உழைக்க மோட்டார் நிறைய சார்ஜ் தர வேண்டும், நீங்களும் நீண்ட தூரம் ஓட வேண்டும். 15 ஆம்பியருக்கு மேல் தரும் மோட்டாரும், போக ஒரு மணி வர ஒரு மணி ஓட்டமும் இருந்தால் அமைப்பு தன்னைத்தானே நிரப்பிக்கொள்ளும். 6 ஆம்பியர் மோட்டாரில் இதே அமைப்பைப் போட்டால், இரண்டு பேட்டரியும் பாதி நிரம்பிய நிலையிலேயே காலம் தள்ளும்.

ரிலேக்குப் பதில் '1, 2, இரண்டும், ஆஃப்' என்று திருப்பும் சுவிட்ச் போடுபவர்களும் உண்டு. விலை குறைவு, கெட்டுப்போக அதில் ஒன்றுமில்லை. ஆனால் 'இரண்டும்' நிலையிலேயே மறந்து விட்டுவிட்டால் காலையில் இரண்டுமே காலி. மோட்டார் ஓடும்போது 'ஆஃப்' பக்கம் திருப்பினால் ரெக்டிஃபயர் போய்விடலாம். படகை ஒருவர் மட்டுமே ஓட்டுவதானால் பரவாயில்லை. கை மாறி மாறி ஓடும் படகில் ரிலேதான் பாதுகாப்பு.

கனமான கேபிள், கூடுதல் லக்குகள், இரண்டு பக்கமும் ஃபியூஸ், இரண்டாவது பேட்டரியைக் கட்டிவைக்கும் தட்டு, அமரத்தில், அதாவது படகின் பின்முனையில், நிரந்தரமாக ஏறும் எடை ஆகியவையெல்லாம் ரிலேயின் விலையில் எழுதியிருக்காது. இணைப்புகளின் எண்ணிக்கையில் நான்கு வழிகளில் இதுவே அதிகம்.

## ஒரே பார்வையில்

| | வழி 1: தனித்தனி | வழி 2: ஒரே பேட்டரி | வழி 3: தனிப் பெட்டி | வழி 4: ரிலே |
|---|---|---|---|---|
| மோட்டார் ஸ்டார்ட் | பாதிப்பில்லை | ஆபத்து உண்டு | பாதிப்பில்லை | ரிலே சரியாக இருக்கும்வரை பாதிப்பில்லை |
| தாங்கும் சுமை | மிகக் குறைவு | ஒரு பயணத்துக்கு 10 ஆம்பியர்-மணிக்குள் | பேட்டரி அளவுக்கு ஏற்ப | அதிகம், ஓட்டம் நீண்டால் |
| உப்பில் நிற்கும் இணைப்புகள் | கிட்டத்தட்ட இல்லை | சிலவே, ஃபியூஸ் பெட்டி வைத்தால் | சில | பல |
| கடலில் பழுது பார்ப்பது | மாற்றுச் சாமான்தான் | எளிது | எளிது | ஒயரிங் வரைபடம் வேண்டும் |
| மறைந்த செலவு | செல் ஆயுள், சார்ஜர்கள் | ஸ்டார்ட் பேட்டரியின் ஆயுள் | தூக்குவது, சார்ஜர், பிளக் | கேபிள், எடை, வேலைநேரம் |

தூண்டில் படகை மெதுவாக நகர்த்தும் மின் மோட்டார் வைக்கப்போகிறீர்கள் என்றால் இந்த அட்டவணைக்கு வெளியே வந்துவிடுங்கள். அது முழு வேகத்தில் 30 முதல் 50 ஆம்பியர் இழுக்கும். அதற்கென்று ஒரு பெரிய பேட்டரி, அதற்கென்று ஒரு பிரேக்கர். வேறு எதையும் அதில் சேர்க்காதீர்கள்.

## ஈயமா, லித்தியமா

வழி 3-க்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் கையுறை மாதிரி பொருந்தும். எடை பாதிக்கும் குறைவு: 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி 25 முதல் 30 கிலோ, லித்தியம் 11 முதல் 13 கிலோ. அரைகுறை சார்ஜில் கிடந்தாலும் அதற்குக் கேடில்லை. வாங்கும் விலை அதிகம். ஆனால் பாதி அளவே வாங்கினால் போதும், சார்ஜ் சுழற்சிகளும் பல மடங்கு தாங்கும். அதற்கு ஏற்ற சார்ஜர் வேண்டும், உறைநிலைக் குளிரில் சார்ஜ் போடக் கூடாது.

வழி 4-இல் லித்தியத்தைச் சாதாரண ரிலேயோடு சேர்க்காதீர்கள். ஓய்வில் இருக்கும்போதே லித்தியம் 13.2, 13.3 வோல்ட் காட்டும், 12.8-க்குக் கீழே போனால்தான் திறப்பேன் என்று காத்திருக்கும் ரிலே திறக்கவே திறக்காது. அது காலியாக இருக்கும்போது இழுக்கும் கரன்ட் சின்ன மோட்டாரின் சார்ஜ் சுருளைச் சுட்டுவிடும். நடுவில், கரன்ட்டை அளவோடு விடும் டி.சி.-டி.சி. சார்ஜர் போட வேண்டியிருக்கும், செலவு மறுபடி ஏறும். வழி 2-இன் ஸ்டார்ட் பேட்டரிக்கு ஈயமே போதும்.

ஈய பேட்டரி எதுவானாலும் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும், காற்று போக வழி வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தங்கும். பேட்டரியும் சுவிட்சும் பெட்ரோல் டேங்கும் ஒரே மூடிய அறையில் இருக்கவே கூடாது.

## எந்த வழியானாலும், ஒயர்

படகில் கெட்டுப்போன விளக்கின் ஒயரை ஒருமுறை கத்தியால் கீறிப் பாருங்கள். முனையில் பச்சை. ஒரு விரல் தள்ளிக் கீறினால் செம்பு கறுத்திருக்கும். ஒரு சாண் தள்ளிக் கீறினாலும் கறுப்பே. திரி எண்ணெயை இழுப்பதுபோல அந்த மெல்லிய இழைகள் உப்புநீரை உறைக்குள்ளே இழுத்துக்கொண்டே போயிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒயர் புதிதாகத் தெரியும். இப்படிப்பட்ட ஒயரின் முனையை வெட்டிப் புது லக் போட்டாலும் பலனில்லை, முழு ஒயரும் போக வேண்டும்.

அதனால்தான் பணம் குறைவாக இருக்கும்போது கருவியைச் சின்னதாக வாங்கி, ஒயரை நல்லதாக வாங்கச் சொல்கிறேன். ஒவ்வொரு இழையும் வெள்ளீயம் பூசப்பட்ட, பல இழைச் செம்பு ஒயர் வேண்டும். வீட்டுச் சுவருக்குள் போடும் ஒற்றைக் கம்பி ஒயர் அதிர்வில் ஒடிந்துவிடும். பூச்சில்லாத சாதாரண ஒயரில் இப்போது சொன்ன கறுப்பு ஏறும்.

தடிமனுக்கும் ஒரு கணக்கு உண்டு. அமரத்தில் பேட்டரி, அணியத்தில் விளக்கு, நடுவில் 5 மீட்டர் என்றால் போக வர 10 மீட்டர். 5 ஆம்பியர் ஓடும்போது 1 சதுர மி.மீ. ஒயரில் கிட்டத்தட்ட 1 வோல்ட் வழியிலேயே போய்விடும். 2.5 சதுர மி.மீ.யில் 0.4 வோல்ட், 4 சதுர மி.மீ.யில் 0.25 வோல்ட். வழி விளக்கு, பம்பு, வி.எச்.எஃப். போன்ற முக்கியமானவற்றுக்கு இழப்பு 3 சதவீதத்துக்குள், அதாவது 0.36 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான வரம்பு.

ஃபியூஸ் காப்பது ஒயரை. கருவி 2 ஆம்பியர் எடுத்தாலும், ஷார்ட் ஆனால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த ஒயர் வழியே தள்ளும். உறை உருகித் தீப்பிடிக்கும். பேட்டரியிலிருந்து கிளம்பும் பிளஸ் ஒயரில் 18 சென்டிமீட்டருக்குள் முதல் ஃபியூஸ் இருக்க வேண்டும், அதற்கு முந்தைய துண்டுக்குக் காவல் கிடையாது. பம்பின் ஃபியூஸை மட்டும் தயாரிப்பாளர் சொன்ன அளவிலேயே போடுங்கள். செதிலோ வலைநூலோ சுற்றிப் பம்பு நின்றுவிட்டால், பெரிய ஃபியூஸ் அதை எரியவிடும். தண்ணீர் ஏறினால் தானாக ஓடவைக்கும் மிதவை சுவிட்ச் உள்ள பம்பின் இணைப்பு முதன்மை சுவிட்சுக்கு முன்னாலிருந்தே, தன் சொந்த ஃபியூஸ் வழியாகப் போகட்டும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வீட்டில் தூங்கும்போது மழை பெய்தாலும் அது வேலை செய்ய வேண்டும்.

முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒரு பருவம்கூடத் தாங்காது. சால்டரிங் மட்டும் செய்தாலும் சரிவராது, ஈயம் முடியும் இடத்தில் ஒயர் விறைத்து, அதிர்வில் அங்கேயே ஒடியும். சரியான கருவியால் லக்கை ஒயரோடு இறுக நசுக்கி, அதாவது கிரிம்ப் செய்து, உள்ளே பசை தடவிய சுருங்கு குழாயைச் சூடாக்கி ஒட்டுவதே நிற்கும் முறை. சிலிக்கான் பூசி அடைப்பவர்கள் முகர்ந்து பாருங்கள்: வினிகர் நெடி வந்தால் அது செம்பை அரிக்கும் வகை. மின் இணைப்பருகே வேண்டாம்.

இன்னும் சில. அலுமினியப் படகில் உடலையே மைனஸாகப் பயன்படுத்தாதீர்கள், கசியும் கரன்ட் உலோகத்தைத் தின்னும். திசைகாட்டியின் அருகே போகும் பிளஸ், மைனஸ் இரண்டையும் ஒன்றாக முறுக்கிக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் விளக்கைப் போட்டதும் முள் திரும்பும். ஃபிஷ் ஃபைண்டரின் சென்சார் கேபிளை மோட்டார் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள், திரையில் புள்ளி மழை பெய்யும். மலிவான எல்.இ.டி. விளக்குகளில் சில வி.எச்.எஃப்.பில் இரைச்சல் கிளப்பும். விளக்கைப் போட்டும் அணைத்தும் சேனல் 16-ஐக் கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

## கடலில் இறக்குமுன்

வேலை முடிந்த மாலையில், படகு கரையில் இருக்கும்போதே எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுங்கள். மல்டிமீட்டரை முதலில் பேட்டரியில் வைத்து ஒரு எண், அடுத்து அணியத்து விளக்கின் முனையில் வைத்து ஒரு எண். வித்தியாசம் 0.36-ஐத் தாண்டினால் அந்த வரிசையில் ஏதோ ஒரு லக் தளர்ந்திருக்கிறது அல்லது ஒயர் மெல்லியது. கையை வைத்து ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும் இடம்தான் அது. வழி 2 அல்லது 4 என்றால், எல்லாம் எரியும்போதே மோட்டாரை ஸ்டார்ட் செய்து திரை அணைகிறதா என்று பாருங்கள். மறுநாள் காலை, எதுவும் ஓடாத நிலையில் ஈய பேட்டரி 12.6-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது.

இந்த எண்களைத் தேதி போட்டு ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் அழியாத மையால் எழுதிவையுங்கள். எந்த ஃபியூஸ் எதற்கு என்ற படமும் அங்கேயே இருக்கட்டும், பக்கத்தில் ஒவ்வொரு அளவிலும் இரண்டு உபரி ஃபியூஸை ஒட்டிவையுங்கள். அப்புறம், உங்களோடு படகில் வருகிறவரை அழைத்து அந்த மூடியை ஒருமுறை காட்டிவிட்டு, விளக்கை அணைத்து, இருட்டில் பம்பின் ஃபியூஸைத் தொடச் சொல்லுங்கள்.